அக்னி ஸ்தலத்துக்கு ஒழுகிக்கினு வந்த கார்

உக்காருங்க மாப்ள. காப்பி வருது. பெங்களூரு எங்கியும் ஓடிடாது. உங்க கார் ஓடுமாங்கறதுதான் கேள்வி.

மாமனாருக்கு ஒரு கஷ்டம் உண்டு. எம் பையனா இருந்தா "டேய் தறுதல"ன்னு ஆரம்பிச்சி ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவேன். பொண்ணு எடுத்தவருக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் "ங்க" போட்டுத் திட்டணும். நேரம் ஆகும். அதான் உக்காரச் சொன்னேன்.

கத்திரி தொடங்கி மூணாம் நாள். காக்கா கூட மாட்டுத் தொட்டிய உட்டு நகரல. அந்த மத்தியானத்துல, கூரையில்லாத கார்ல, ஊத்தங்கரை, செங்கம் வழியா நீங்களும் எம் பொண்ணும் வந்து எறங்குனீங்க. ரெண்டு பேர் மூஞ்சியும் கருவாடு. "ஸ்போர்ட்ஸ் கார் மாமா"ன்னீங்க. நான் ஒண்ணும் சொல்லல. கார் நின்னு அஞ்சு நிமிஷம் ஆவல, கீழ பச்சையா தண்ணி ஓடுது. உங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "வந்ததும் வாசல் தெளிக்குது பாரு, மரியாத தெரிஞ்ச கார்"னு சொன்னா.

தண்ணி ஒழுகற ஸ்தலம்னா திருவானைக்காவல் இருக்குது மாப்ள. அங்க கருவறையிலயே ஊத்து. இது நெருப்பு ஸ்தலம். பஞ்ச பூதத்துல எந்தப் பூதத்துக்கிட்ட எந்தக் காரை ஓட்டிக்கினு போறோம்னு ஒரு கணக்கு வேணாமா?

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிரிவலம்னு கெளம்புனீங்க. 14 கிலோமீட்டர். ஜனங்க செருப்பக் கழட்டிட்டு நடக்கற வழிய பெட்ரோல் ஊத்திச் சுத்தறது உங்க இஷ்டம், அண்ணாமலையாருக்கு ஆட்சேபண இல்ல. ஆனா மாடு, நாயி, சாமியார், டீக்கடை பெஞ்சின்னு எல்லாத்துக்கும் வழி உட்டு ஊர்ந்துக்கினு போனா ரேடியேட்டருக்குக் காத்து எங்கேர்ந்து வரும்? பெல்ட்டுல சுத்தற ஃபேன் அது. எஞ்சின் சோம்பலா ஓடுனா ஃபேனும் சோம்பலாத்தான் சுத்தும். இந்திர லிங்கம் வரைக்கும் சரி. அக்னி லிங்கத்தாண்ட சூட்டு முள்ளு பாதிக்கு வந்துது. எம லிங்கத்தாண்ட செவப்பத் தொட்டுது. முள்ளுக்குக் கூட எடம் பொருள் தெரியுது பாருங்க. நிருதி லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்துல முன்பக்கமெல்லாம் ஆவி. அடுத்தது வருண லிங்கம் மாப்ள! தண்ணிக்கு அதிபதி. இன்னும் கொஞ்சம் தம் புடிச்சிருந்தா அவரு மொகத்துலயாவது முழிச்சிருக்கலாம். தீபத்துக்கு இன்னும் ஆறு மாசத்துக்கு மேல இருக்குதேன்னு நெனச்சிக்கினே ஒரு பாட்டி கன்னத்துல போட்டுக்குச்சாம், எம் பொண்ணு சொல்லிச் சிரிக்கறா. அப்புறம் ஒரு ஆட்டோக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கினு வந்தாரு. முன்னாடி ஆட்டோ, பின்னாடி ஸ்போர்ட்ஸ் கார். தெருவே வாசல்ல நின்னுது. எம் மானத்துக்கு இன்னா வெலன்னு அன்னிக்குத் தெரிஞ்சிது: அரை கிலோமீட்டர் நைலான் கயிறு.

அந்த ஆவியில நீங்க துண்ட மடிச்சிக்கினு ரேடியேட்டர் மூடியத் தொறக்கப் போனீங்களாம். கைய புடிச்சி இழுத்தது எம் பொண்ணு. லாரி டிரைவர் பொண்ணு, சும்மாவா. உங்க ஊட்டு குக்கர்ல விசில் அடங்கறதுக்குள்ள மூடியத் தொறப்பீங்களா? அதே சங்கதிதான் இதுவும். ரேடியேட்டர் மூடிக்குள்ள ஒரு ஸ்பிரிங் தண்ணிய அழுத்தி வெச்சிருக்குது. அழுத்தம் ஒரு பவுண்டு ஏறுனா கொதிக்கற சூடு ஒண்ணரை டிகிரி கிட்ட ஏறும். 7 பவுண்டு மூடி போட்டா 100ல கொதிக்கற தண்ணி 110 வரைக்கும் வாய மூடிக்கினு இருக்கும். நீங்க மூடியத் திருகுற அந்த நொடி அழுத்தம் போச்சு, உள்ள இருக்கற அத்தனையும் ஒரே நேரத்துல கொதிச்சி மூஞ்சிக்கு வரும். கைய வெச்சா சுடாத அளவுக்கு எஞ்சின் ஆறணும். அரைமணியோ ஒரு மணியோ, பக்கத்துல டீ குடிங்க.

சரி, அந்த "ஸ்போர்ட்ஸ் கார்" கதைக்கு வருவோம். உங்க கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸ்ல, வண்டலூர் பக்கத்து ஃபேக்டரியில 1961லேர்ந்து செஞ்ச வண்டி. 948 சி.சி., ரெண்டு கதவு. இங்கிலாந்துல அதுக்குப் பேரு ட்ரயம்ஃப் ஹெரால்டு, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைஞ்ச ஒடம்பு. அதே சேஸிஸக் கொஞ்சம் குறுக்கித்தான் 1962ல ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பண்ணாங்க. அத வெச்சி உங்களுக்கு வித்தவன் "ஸ்பிட்ஃபயர் குடும்பம் சார்"னு அளந்திருக்கான். பெரியப்பா பையன் கலெக்டரா இருந்தா நம்ம சைக்கிளுக்கு சைரன் வெச்சிக்கலாமா? கூரையும் யாரோ போல்ட்டக் கழட்டி எடுத்ததுதான். ஹெரால்டு கூரைய போல்ட்டு போட்டுத்தான் மாட்டியிருப்பான், கழட்டுனா வந்துடும். தலப்பாவ அவுத்துட்டா பயில்வான் ஆயிட முடியுமா?

நான் கிண்டல் பண்றேன்னு அந்த வண்டிய எளக்காரமா நெனைக்காதீங்க. சோழவரத்து ஏரோப்ளேன் ஓடுதளத்துல பந்தயம் நடந்த காலத்துல ஹெரால்டும் ஓடிச்சு. முழு பானெட்டும் மட்கார்டோட சேந்து முன்பக்கமா கவுந்துடும், முதல வாயத் தொறக்கற மாதிரி. முன் டயர் மேல சம்மணம் போட்டு உக்காந்துக்கினு எஞ்சின் வேல பாக்கலாம். இப்ப வர்ற கார்ல ஒரு பல்பு மாத்தணும்னா விரல்ல மூணாவது மூட்டு வேணும்.

இப்ப நோவுக்கு வருவோம். பெங்களூர்ல இன்னா பண்ணாங்கன்னு கேட்டேன். மொதல் வாட்டி ரெண்டு ஓஸும் மாத்துனாங்க. ஒழுகுச்சு. ரெண்டாவது வாட்டி வாட்டர் பம்ப்பு மாத்துனாங்க. ஒழுகுச்சு. மூணாவது வாட்டி தெர்மோஸ்டாட்டக் கழட்டித் தூர எறிஞ்சாங்க. அதுக்கும் பில்லு. வயித்து வலின்னு போனவனுக்கு மொதல்ல பல்லப் புடுங்கி, அப்புறம் மொட்ட அடிச்ச வைத்தியம். ஒழுகற எடம் எதுன்னு ஒருத்தரும் குனிஞ்சி பாக்கல.

நீங்க மாடி ஊட்டுல பொறந்தவரு, உங்களுக்குத் தெரியாது. ஓட்டு ஊட்டுல வளந்தவனக் கேளுங்க. மழ சொட்டறது கட்டில் மேல. ஒடஞ்ச ஓடு இருக்கறது அடுப்பங்கரைக்கு மேல. தண்ணி நடுவுல ரீப்பர் கட்டையப் புடிச்சிக்கினு சொகுசா நடந்து வந்திருக்கும். காரும் அப்டித்தான். ஓடற ஃபேன் காத்துல ஒழுகற தண்ணி பின்னால பறந்து பம்ப்பு மேல படியும். பாக்கறவன் பம்ப்புதான்னு சத்தியம் பண்ணுவான். ஈரம் இருக்கற எடத்த நம்பக் கூடாது. ஈரத்துக்கு மேல எங்க காய்ஞ்சிருக்குது, அந்த எல்லைதான் நமக்கு வேணும்.

அதனாலதான் அன்னிக்கு ராத்திரி காரைத் தொடக் கூடாதுன்னேன். நீங்க போன வெச்சிக்கினு ரேடியேட்டர் வெல பாத்துக்கினு இருந்தீங்க. நோவு தெரியறதுக்கு முன்னால பொட்டிக்கு ஆர்டர் குடுக்கற அவசரம். நான் காலையில எழுந்து, வண்டி குளுந்திருக்கும்போதே, மொதல்ல ஆயில் பாத்தேன். ஆயில் மூடிக்கு அடியில வெண்ண மாதிரி வெள்ளையா இருந்தா ஹெட் கேஸ்கட் போச்சு, தண்ணியும் ஆயிலும் உள்ளயே குடும்பம் நடத்துதுன்னு அர்த்தம். இல்ல. சுத்தமா இருந்துது. ரேடியேட்டர ரொப்பி, மூடியில்லாம எஞ்சினப் போட்டுப் பாத்தேன். கொமிழி தொடந்து வந்தாலும் அதே கேஸ்கட் சந்தேகந்தான். வரல. பெரிய செலவு இல்லன்னு அப்பவே தெரிஞ்சிது. உங்ககிட்ட சொல்லல. கொஞ்ச நேரம் பயந்துக்கினு இருங்கன்னு உட்டுட்டேன்.

பம்ப்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள சீல் தேஞ்சா அது வழியா அழுவும். காஞ்சி கெடந்துது. ஓஸ அமுக்கிப் பாத்தேன். புதுசு, ரப்பர் கெட்டியா இருந்துது. அவங்க தப்பா மாத்துனாலும் ஓஸ் நல்ல ஓஸ்தான், அந்தக் காசு முழுசா வீண் இல்ல.

பத்து மணிக்கு ரேடியேட்டர் கடைக்காரர் பிரஷர் பம்ப்பு கொண்டாந்தாரு. சைக்கிள் பம்ப்புக்கு மீட்டர் வெச்ச மாதிரி, மூடி இருக்கற எடத்துல மாட்டறது. நான் உங்க அத்தைகிட்ட கோலமாவு கேட்டேன். பழைய மல்லுத்துணியில முடிஞ்சி, கோர் மேலயும் ரெண்டு டேங்க்கு ஓரத்துலயும் பொத்துப் பொத்துன்னு தட்டுனேன். மொத்தமும் விபூதி பூசுன ஆண்டி மாதிரி ஆச்சு. நீங்க சிரிச்சீங்க. பம்ப்பு அடிச்சோம். மீட்டர் ஏழுல நின்னுது. நீங்க போன எடுக்கறதுக்குள்ள ஆறு. அஞ்சு. மாவுல ஒண்ணும் காணோம். உங்க மூஞ்சியில ஒரு திருப்தி, கெழவன் தோத்தான்னு. அப்பதான் மேல் டேங்க்கு கோரோட சேர்ற ஈயக் கோட்டுல, வலது மூலையில, ஊசி மொன அளவு மாவு கருத்துது. அந்தக் கருப்பு மெதுவா நீண்டு மயிரிழையா எறங்குச்சி. ரெண்டு விரக்கடை எறங்கி ஃபின்னுக்குள்ள பூந்து காணாமப் போச்சு. பாத்தீங்களா? அது உள்ளாறயே எறங்கி, கீழ் ஓஸ் கிளிப்பு மேல வந்து சொட்டுது. மூணு மாசமா கிளிப்ப முறுக்குன மெக்கானிக்குங்க பாவம், சொட்டற எடத்தத்தான் முறுக்குனாங்க.

அந்த மூலைய தொடச்சிப் பாத்தா பச்சையா பூத்திருந்துது. கூலண்ட்டு பச்ச இல்ல, செம்புக் களிம்பு. உயிரோட மலம் செம்போட களிம்பு மாதிரி கூடவே பொறந்ததுன்னு சித்தாந்தப் பிரசங்கத்துல நாப்பது வருஷமா கேட்டிருக்கேன், பாதியில தூங்கியும் இருக்கேன். வெளங்குனது உங்க ரேடியேட்டர்லதான்.

அப்பவும் எதிர் ஊட்டுக்காரர் வந்து, "ஒரு பிடி மஞ்சத்தூள் போடுங்க, அடைஞ்சிக்கும்"னாரு. நீங்க என்ன ஒரு மாதிரி பாத்தீங்க, இந்தக் கெழவனும் அந்த ஜாதியோன்னு. ஒத்துக்கறேன், ஒரு காலத்துல நானும் அந்த ஜாதிதான். ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் எறக்கத்துல, கட்ட ஏத்துன லாரி ஒழுகுச்சி. ராத்திரி. ஒரு ஊட்டுல கெஞ்சி மஞ்சத்தூள் வாங்கி ரேடியேட்டர்ல கொட்டுனேன். நின்னுது! ஊரு வந்து சேந்தேன். ரெண்டு வாரம் மீசைய முறுக்கிக்கினு திரிஞ்சேன். மஞ்சளுக்கு ஓட்டையும் குழாயும் ஒண்ணுதான் மாப்ள, அதுக்கு வித்தியாசம் தெரியாது. கோர்ல பாதிக் குழாய அடைச்சி, போளூர் ரோட்டுல எஞ்சின் ஜாம் ஆச்சு. மொதலாளி என் சம்பளத்துல புடிச்சாரு, ஏழு மாசம். அந்த ஏழு மாசமும் உங்க அத்தை கொழம்புல மஞ்சள் போடும்போதெல்லாம் என்னத் திரும்பிப் பாப்பா. காட்டுல நடுராத்திரி உசுரு பொழச்சி ஊடு வந்து சேர அது ஒதவும். சேந்த மறுநாளே கழுவிடணும். டப்பாவுல விக்கற லீக் மருந்துக்கும் இதே பேச்சுதான், அது இங்கிலீஷ் மஞ்சள்.

கழட்டறதுல பெருசா வித்தை இல்ல. பேட்டரி ஒயரக் கழட்டு, கீழ ஏனம் வெச்சி தண்ணிய எறக்கு, ஓஸக் கழட்டு, ரெண்டு பக்கத்து போல்ட்டுக்கும் மொத நாளே மண்ணெண்ண ஊத்தி வெய்யி. ஃபேனுக்கும் கோருக்கும் நடுவுல ஒரு அட்டைய நிறுத்திட்டுத் தூக்கணும். இல்லன்னா ஃபேன் எலக்க ஃபின்ன கீசிடும். நீங்க அட்டையில்லாம தூக்கப் போனீங்க, நான் இருமுனேன். ஒண்ணு மட்டும் கோவமாவே சொன்னேன், இப்பவும் சொல்றேன். எறக்குன தண்ணிய வாசல்ல ஊத்தப் போனீங்களே, அந்தப் பச்சத் தண்ணி இனிப்பா இருக்கும். நாயி நக்கும், மாடு குடிக்கும். கிளைக்கால்னு சொல்ற அந்த மருந்து கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போயிடும். அண்ணாமலையில மாட்டுக்கும் நாயிக்கும் நம்மள விட அதிக உரிம உண்டு.

கடையில அத தொட்டித் தண்ணியில முக்கி காத்து அடிச்சாரு, பஞ்சர் கடை மாதிரியே. வலது மூலையில கொமிழி, சரி. கோர் நடுவுலயும் ரெண்டு எடத்துல கொமிழி. மேல் டேங்க்க ஈயம் உருக்கிப் பிரிச்சாரு. உள்ள பாத்தீங்க இல்ல? குழாய் வாயெல்லாம் வெள்ள சுண்ணாம்பு, வெந்நி அண்டா அடியில படியற மாதிரி. போர் தண்ணி குடிச்சே வளந்த ரேடியேட்டர். பாதிக் குழாயில கம்பி கூட எறங்கல. மூலைய மட்டும் பத்த வெச்சா ரெண்டு மாசத்துல வேற எடம் திறந்துக்கும். அதான், பித்தள டேங்க்கு ரெண்டையும் வெச்சிக்கினு புதுக் கோர் போடச் சொன்னேன்.

நீங்க போன்ல அலுமினியம் காட்டுனீங்க. பளபளன்னு இருந்துது, கல்யாண சத்திரத்து அண்டா மாதிரி. கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். சூட்டக் கடத்தறதுல செம்பு அலுமினியத்த விட ஒண்ணரை மடங்குக்கு மேல. ஆனா அலுமினியத்துல குழாய அகலமாப் போட்டு, ஈயமில்லாம ஒட்டி, கணக்க சரி பண்ணிடறான், எடையும் கம்மி. உங்களுக்கு அது ஆகாதுங்கறதுக்குக் காரணம் ஒண்ணுதான். அது நட்டநடு ரோட்டுல ஓட்டையாச்சின்னா எந்த ஊருல பத்த வெப்பீங்க? பித்தளன்னா செங்கத்துலயும் ஆளு உண்டு, சிங்காரப்பேட்டையிலயும் ஆளு உண்டு.

ரொப்பும்போது நீங்க கொழாய்த் தண்ணியத் தூக்கிக்கினு வந்தீங்க. மறுபடியும் சுண்ணாம்பு வேணுமா? பேட்டரிக்கு ஊத்தற தண்ணி, பாதிக்குப் பாதி கூலண்ட்டு. முன்சக்கரத்த வாசல் மேட்டுல ஏத்துனது அழகுக்கு இல்ல. வாய் ஒசந்து இருந்தாதான் உள்ள மாட்டுன காத்து மேல வந்து வெளிய போவும். மூடியப் போடாம ஓடவிட்டு, மேல் ஓஸ தொட்டுக்கினே இருந்தோமே, திடீர்னு சுட்டுதா? அப்பதான் தெர்மோஸ்டாட்டு கதவத் தொறந்துது. மட்டம் எறங்குச்சு, இன்னும் ஊத்துனோம். ஆமா, தெர்மோஸ்டாட்டு திரும்பப் போட்டிருக்குது. அது இல்லன்னா குளுமையா ஓடும்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. எஞ்சினுக்கும் பக்குவமான சூடு ஒண்ணு உண்டு, எண்பது டிகிரி வாக்குல. பச்ச வெந்நியில சோறு வேகாது.

இவ்ளோ தூரம் கேட்டீங்க, ஏன் ஈயம் உட்டுதுன்னு ஒரு வார்த்த கேக்கல. வயசுன்னு நெனச்சீங்களா? மொதல் நாளே மூடியப் பாத்தேன். மேல 0.9ன்னு அடிச்சிருந்துது. புது ஜப்பான் காருக்குப் போடறது, பவுண்டு கணக்குல 13. உங்க அறுவது வயசுப் பித்தளைக்கு ஏழே போதும். அழுத்தம் ஏறும்போது மூடி தொறந்து வழி உட்டிருக்கணும், அது கல்லு மாதிரி மூடிக்கினு இருந்துது. கடைசியில ஈயம் வழி உட்டுது. புதுக் கோர் போட்டு அதே மூடிய மாட்டியிருந்தா, அடுத்த சித்திரைக்கும் நைலான் கயிறுதான்.

அந்த 0.9 மூடியத் தேடாதீங்க. கெணத்துல போட்டுட்டேன். ஏழு பவுண்டு மூடி புதுசா வாங்கி வெச்சிருக்கேன். நீங்க காலையிலேர்ந்து பானெட்டுக்குள்ளயும் சீட்டுக்கு அடியிலயும் தேடறது தெரியுது. அங்க இல்ல, என் இடுப்பு மடியில இருக்குது. உங்க அத்தை தலைக்குத் துண்டு கட்டிக்கினு பின் சீட்டுல உக்காந்து அரை மணி நேரம் ஆவுது, திரும்பிப் பாருங்க. ஒரு சுத்து, 14 கிலோமீட்டர், மெதுவா. வருண லிங்கத்தாண்ட நிறுத்தி கும்பிட்டுட்டு வரணும்னு சொல்றா. சரின்னு சொல்லுங்க, மூடியத் தரேன்.